அட்டைக்குக் கொண்டுபோன உப்பும் பாடசாலைச் சோதனையும்

வாசகரின் கேள்வி, 2024 ஜூன் 10

டீச்சர், என் தம்பி நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் தரம் 9இல் படிக்கிறான். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பாடசாலைக்குத் தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். மழைக் காலத்தில் காலில் அட்டை ஏறும் என்பதால் அம்மா கொஞ்சம் உப்பைத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்து அனுப்புவார். கடந்த 6ஆம் திகதி காலையில் மாணவத் தலைவர்கள் வகுப்பில் எல்லோருடைய பைகளையும் கொட்டிப் பார்த்தபோது அந்தப் பொட்டலம் அகப்பட்டது. அதை ஐஸ் போதைப்பொருள் என்று எண்ணிய உப அதிபர், வகுப்புக்கு முன்னால் தம்பியின் சட்டையைக் கழற்ற வைத்து, பின்னர் காற்சட்டையையும் கழற்ற வைத்திருக்கிறார். சிற்றுண்டிச்சாலை அக்கா ஒரு மணியை நாவில் வைத்துப் பார்த்து, "இது உப்புதான் சேர்" என்று சொன்ன பிறகே அவனை விட்டார்கள். அன்றிலிருந்து அவன் பாடசாலைக்குப் போகவில்லை. நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். அமெரிக்காவில் என்றால் வழக்குப் போட்டு வென்றுவிடலாம் என்று கடையில் ஒருவர் சொல்கிறார். எங்கள் நாட்டில் பிள்ளைக்கு அப்படி ஏதாவது உரிமை உண்டா?

ஜூன் 10, இரவு

உண்டு, தம்பி. ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு நாள் குறைவாகவே இருக்கிறது.

நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமை என்று ஓர் உறுப்புரை கிடையாது. ஆகவே, "என் பையை ஏன் திறந்தாய்" என்று மட்டும் கேட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனால் நிற்பதற்கு இடம் கிடைப்பது கடினம். உங்கள் தம்பிக்கு நடந்ததோ பை திறந்ததோடு முடியவில்லை. சித்திரவதைக்கோ, கொடூரமான, மனிதாபிமானமற்ற, இழிவான நடத்தைக்கோ தண்டனைக்கோ எவரும் உட்படுத்தப்படலாகாது என்று 11ஆம் உறுப்புரை சொல்கிறது. அதில் வயது குறிப்பிடப்படவில்லை. ஏனைய உரிமைகள் பலவற்றைத் தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற காரணங்களுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரை இடம் கொடுத்தாலும், 11ஆம் உறுப்புரையை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பதினான்கு வயதுப் பையனைக் காற்சட்டை கழற்ற வைப்பதற்கு "இழிவான நடத்தை" என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. இதனுடன் சட்டத்தின் முன் சமத்துவத்தைப் பற்றிய 12(1)ஐயும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

பாடசாலைக்குள் நடந்ததையெல்லாம் நீதிமன்றம் கேட்குமா என்று சந்தேகப்பட வேண்டாம். ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவி பாதிக்கப்பட்ட வழக்கில், 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எழுதியவர் நீதியரசர் துரைராஜா.

இப்போது நாள் கணக்கு. 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்வதற்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. ஜூன் 6இல் நடந்தது ஜூலை 6இல் கை நழுவிவிடும்.

ஜூன் 11

கடையில் அந்த நண்பர் சொன்னதில் பாதி சரி. அமெரிக்கக் கதையையும் முழுதாகத் தெரிந்துகொள்வது நல்லது.

நியூஜேர்சி மாநிலத்தில் 1980இல் கழிவறையில் புகைபிடித்ததாகப் பிடிபட்ட ஒரு பதினான்கு வயது மாணவி, தான் புகைப்பதே இல்லை என்று மறுத்தாள். உப அதிபர் அவளுடைய கைப்பையைத் திறந்தார். சிகரெட் இருந்தது, சுருட்டும் தாள் இருந்தது, அதற்குக் கீழே கஞ்சாவும் இருந்தது. 1985இல் அந்நாட்டு மீயுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது மாணவி தோற்றாள். ஆனால் தோற்ற வழக்கிலேயே பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடிய அளவுகோல் ஒன்று கிடைத்தது. பாடசாலை அதிகாரிகளையும் அரசியலமைப்பு கட்டுப்படுத்தும். அவர்களுக்கு நீதவானின் தேடுதல் ஆணை தேவையில்லை. இருந்தாலும் சோதனையைத் தொடங்குவதற்கு நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும், தொடங்கிய பிறகு அது தேடும் பொருளுக்கும் பிள்ளையின் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற எல்லையைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. அரிசோனாவில் 2003இல், வலி நிவாரணி மாத்திரை வைத்திருப்பதாகச் சந்தேகித்து ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமியின் உள்ளாடையை விலக்கிப் பார்த்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. அந்தச் சோதனை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2009இல் நீதியரசர்கள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கூறினார்கள். அதே தீர்ப்பில், சட்டம் அந்த நேரத்தில் தெளிவாக இருக்கவில்லை என்று காரணம் காட்டி, சோதித்த அதிகாரிகளை நட்டஈட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்தும்விட்டார்கள். வழக்குப் போட்டால் வென்றுவிடலாம் என்பவரிடம் இதையும் சொல்லுங்கள்.

இந்தத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் சந்தேகம் நியாயமானதா, சோதனை எல்லை தாண்டியதா என்ற அந்த இரண்டு கேள்விகளையும் உங்கள் தம்பியின் விடயத்தில் கேட்டுப் பார்க்கலாம். தாளில் மடித்த வெள்ளைத் தூளைக் கண்டு ஒருவர் சந்தேகப்பட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் பொட்டலத்தைப் பார்த்தாலே போதுமாக இருந்தபோது பிள்ளையின் உடலைப் பார்த்ததுதான் குற்றம்.

ஜூன் 11, பின்னேரம்

சென்னையிலிருந்து ஒரு வாசகர், "உயர் நீதிமன்றத்தோடு நின்றுவிடாமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, இங்கே எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதுதான் உயர் நீதிமன்றம். உங்கள் ஊர் உயர் நீதிமன்றத்துக்கு ஓரளவு இணையானதை நாங்கள் மேல் நீதிமன்றம் என்கிறோம். இதற்கு மேலும் போக வேண்டுமென்றால் கதிர்காமத்து முருகனிடம்தான் போக வேண்டும்.

அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். இந்தியாவில் 2017இல் ஒன்பது நீதியரசர்கள் அமர்ந்து தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று அறிவித்திருக்கிறார்களே, அது உங்களுக்கு உதவாதா என்பது கேள்வி. எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், அதற்கு மேல் அது நம்மைக் கட்டுப்படுத்தாது.

ஜூன் 14

மூன்று நாட்களாக எழுதவில்லை. எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும் என்பதால் தள்ளிப்போட்டேன்.

ஆசிரியையாக ஓய்வு பெறும் வரை எங்கள் பாடசாலையின் ஒழுக்காற்றுக் குழுவில் இருந்தேன். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே 6ஆம் திகதி மேல் வகுப்புகளுக்காகப் பாடசாலைகள் திறந்தபோது, எங்கள் வாசலிலும் மேசை போட்டுப் பைகளைச் சோதித்தோம். பொலிஸார் வெளியே நின்றார்கள். பெற்றோர் முறை வைத்து வந்து உதவினார்கள். பெண் பிள்ளைகளின் வரிசைக்கு நான் பொறுப்பு. ஒரு பிள்ளையின் பை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மழைக்காகப் பொலித்தீனில் சுற்றிய கொப்பிகள், ரொட்டியும் கட்டசம்பலும் வைத்த பெட்டி, அதற்கடியில் பழைய சேலைத் துணியில் சுருட்டிய ஏதோ ஒன்று. அவள் அதன் மேல் கையை வைத்தாள். அவள் கையை வைத்ததையே நான் சந்தேகமாக எடுத்துக்கொண்டேன். கையை விலக்கச் சொல்லி, மேசைமீது அதை விரித்தேன். மாதவிடாய்க்காக மடித்து வைத்திருந்த துணி. பக்கத்து வரிசையில் பையன்கள் நின்றார்கள். உதவிக்கு வந்த தகப்பன்மார் இருவரும் நின்றார்கள்.

மறுநாளிலிருந்து அவள் புத்தகப்பையே கொண்டு வரவில்லை. கொப்பிகளை உள்ளே தெரியும் பொலித்தீன் பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே தெரியும் பைகளைக் கொண்டு வரும்படி அந்த நாட்களில் பேச்சு இருந்ததால், அறிவுறுத்தலை முதலில் பின்பற்றிய மாணவி என்று அவளைக் காலைக் கூட்டத்தில் நான் பாராட்டினேன். அவள் அப்படிச் செய்ததன் காரணம் எனக்கு விளங்கப் பல மாதங்கள் ஆயின.

ஜூன் 15

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது, வாசலில் சோதித்ததே தவறு என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொள்ளக் கூடும் என்று தோன்றியது. அப்படி நான் எண்ணவில்லை. தேவாலயங்களில் பூசைக்குப் போனவர்கள் செத்துக் கிடந்த அந்த நாட்களில், எல்லோருடைய பையையும் ஒரே மாதிரி, யாரையும் தனியே பிரிக்காமல் பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. ஒரு பிள்ளையைக் குறிப்பாகச் சந்தேகித்துச் சோதிப்பது வேறு வகை. அதற்குத் தனிக் காரணம் வேண்டும். என்னுடைய பிழை மேசையை அமைத்த விதத்தில் இருந்தது. ஒரு தடுப்புத் துணி கட்டியிருந்தால், தேடுவது வெடிபொருள் என்பதை மனதில் வைத்திருந்தால், கையளவு துணிச் சுருளை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தே விட்டிருக்கலாம்.

ஜூன் 19

திருத்தம், முக்கியமானது. ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகாவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற பொருள்பட முதல் நாள் எழுதிவிட்டேன். கண்டியில் சட்டத்தரணியாக இருக்கும் என் பழைய மாணவி ஒருவர் தொலைபேசியில் என்னைக் கண்டித்தார். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின், அதாவது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின், 13ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது போதாது என்றும் அவர் எச்சரித்தார். விசாரணை நடக்கிறது என்பதைக் காட்டும் கடிதங்களும் முறைப்பாட்டு இலக்கமும் பிற்பாடு கேட்கப்படும் என்பதால், தகரப் பெட்டியில் பிறப்புச் சான்றிதழோடு அவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். தொலைபேசி இலக்கம் 1996. சட்டம் வந்த ஆண்டும் அதுதான் என்பதால் ஒன்றை மறந்தால் மற்றதை வைத்து நினைவுபடுத்திக்கொள்ளலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929. அதன் சட்டம் 1998இல் வந்தது, ஆகவே அங்கே இந்தக் கணக்குப் பலிக்காது.

இன்னொன்று. அடிப்படை உரிமை மனுவும் ஆணைக்குழு முறைப்பாடும் அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிரானவை. நம் தோட்டப் பாடசாலைகள் அரசு பொறுப்பேற்றவை என்பதால் அவற்றின் அதிபரும் ஆசிரியரும் இதற்குள் வருவார்கள். நகரத்தில் கட்டணம் வாங்கும் சர்வதேசப் பாடசாலை என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையையும் பொலிஸையும் நாட வேண்டியிருக்கும். பொறுப்பில் உள்ள பிள்ளையைத் துன்புறுத்துவது தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின்படி குற்றம். அது எந்தப் பாடசாலைக்கும் பொருந்தும்.

ஜூன் 20

பணியில் இருக்கும் ஓர் ஆசிரியர் கோபமாக எழுதியிருக்கிறார். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு உரிமை பேசுவது சுலபம், காலை எட்டு மணிக்கே வாயில் பாபுல் என்ற போதைப் பாக்கை அடக்கிக்கொண்டு வரும் பையனை வந்து பாருங்கள், மாவா என்ற புகையிலைக் கலவைப் பக்கெட்டைக் காலுறைக்குள் ஒளிக்கிறார்கள், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்கிறார்.

அவர் சொல்வது பொய்யல்ல. நானும் காலுறைக்குள்ளிருந்து எடுத்திருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்படி சட்டமும் சொல்லவில்லை. பாடசாலை நேரத்தில் ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் நிற்கிறார் என்பது நம் நாட்டில் பழைய கொள்கை. பையைக் காட்டச் சொல்வதற்கு அது போதுமானது என்றுதான் நானும் எண்ணுகிறேன். ஆனால் பெற்றோரின் இடத்தில் நிற்பவர் அந்த இடத்தில் முழுதாக நிற்க வேண்டும் அல்லவா? உப்புப் பொட்டலத்தைக் கண்டு சந்தேகித்த எந்தத் தாய் தன் மகனைத் தெருவுக்கு இழுத்துக் காற்சட்டையை அவிழ்ப்பாள்?

மாணவத் தலைவர்களைப் பற்றி அந்த ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் கழுத்துப் பட்டியின் நிறத்தால் மட்டும் வேறுபட்ட பிள்ளைகள். இன்னொரு பிள்ளையின் பையைக் கொட்டும் அதிகாரம் அவர்களுக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. வகுப்புப் பகை தீர்ப்பதற்கு இதைவிட வசதியான வழியும் இல்லை. நான் மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், பிள்ளையை அலுவலகத்துக்கு அழைத்து, இன்னோர் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்து, என்ன சந்தேகம் என்பதைச் சொல்லி, பையை அவனையே திறக்கச் சொல்வேன். பொக்கெட்டையும் காலுறையையும் அவனே வெளியே இழுத்துக் காட்டட்டும். அதற்குமேல் போக வேண்டிய அளவுக்குப் பாரதூரமான விடயம் என்றால் அது ஆசிரியரின் வேலையே அல்ல. பெற்றோரை வரவழைத்துப் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். பொலிஸார்கூட ஒரு பெண்ணைச் சோதிக்க வேண்டுமானால் இன்னொரு பெண்தான், அதுவும் கண்ணியம் கெடாமல் சோதிக்க வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. கைது செய்யப்பட்டவருக்கே அந்த மரியாதை உண்டு.

சந்தேகமான தூளை நாவில் வைத்துப் பார்க்கும் முறையை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். சிற்றுண்டிச்சாலை அக்காவுக்கு அன்று அதிர்ஷ்டம்.

ஜூன் 23

கேள்வி கேட்ட அண்ணன் தனிப்பட எழுதியதில் ஒரு வரி என்னை விடவில்லை. "இதெல்லாம் பெரிய விசயமா என்று அம்மா கேட்கிறார்" என்பது அந்த வரி.

அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வேலை முடிந்து வெளியேறும்போது வாட்ச்சர் முன்னால் சாப்பாட்டு கேரியரின் மூன்று தட்டையும் கழற்றிக் காட்டிவிட்டுத்தான் வருவார், தூள் எடுத்துப் போகிறாரா என்று பார்ப்பதற்காக. முப்பது வருடம் அப்படிக் காட்டினார். ஒரு நாள் விடுமுறையில் நான் அவரைக் கூப்பிடப் போனபோது, வாட்ச்சர் என்னைக் கண்டு, "இன்றைக்கு வேண்டாம், போங்க" என்று சொன்னார். அப்பா கேட்கவில்லை; தட்டுகளைக் கழற்றிக் காட்டிவிட்டே நடந்தார். பிறகு யுத்த காலத்தில் ரயிலிலும் பஸ்ஸிலும் சோதனைச் சாவடிகளில் நாங்கள் இறங்கி நின்று பையைத் திறந்தோம், அடையாள அட்டையை நீட்டினோம், எந்தத் தோட்டம் என்று சொன்னோம். தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்பதுபோல அதுவும் பழகிவிட்டது. அப்படிப் பழகிய கையோடுதான் நான் 2019இல் அந்த மேசைக்குப் பின்னால் நின்றேன்.

பயமும் இருக்கிறது. முறைப்பாடு செய்தால் பிள்ளையின் விடுகைப் பத்திரத்தில் ஏதாவது எழுதிவிடுவார்களோ, சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தைத் தாமதிப்பார்களோ என்று பெற்றோர் அஞ்சுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படிப் பழிவாங்கினால் அதுவே 12(1)இன் கீழ் இன்னொரு முறைப்பாட்டுக்குக் காரணமாகும். இதைச் சொல்வதால் பயம் போய்விடாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஜூன் 26

கைத்தொலைபேசி பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். பாடசாலைக்குக் கொண்டு வரக் கூடாது என்ற விதியை மீறினால் அதை வாங்கி வைத்துப் பெற்றோரிடம் கொடுக்கலாம். பூட்டைத் திறக்க வைத்துப் படங்களையும் செய்திகளையும் படிப்பது வேறு. அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதை 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கைத்தொலைபேசியும் ஒரு கணினிதான் என்று வாதாடுவதற்கு இடம் இருக்கிறது. பயமுறுத்தி வாங்கிய கடவுச்சொல்லை அனுமதி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஜூன் 30

அண்ணன் இரண்டு நாள் விடுமுறை எடுத்து ஊருக்குப் போயிருக்கிறார். ஆணைக்குழுவுக்கு 24ஆம் திகதி முறைப்பாடு பதிவுத் தபாலில் போய், இலக்கமும் கிடைத்திருக்கிறது. பிரதியை வலயக் கல்விப் பணிமனையில் கையளித்து முத்திரை வாங்கியிருக்கிறார்கள்.

அவர்கள் எழுதிய முறைப்பாட்டில் நான் கை வைத்தது இரண்டே இடங்களில். அம்மாவின் வாய்மொழியாக இருந்த வாக்கியங்களை அப்படியே விட்டேன். ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 ஜூலையில் ஏற்றதையும், பிள்ளையின் தனியுரிமையில் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்ற 16ஆம் உறுப்புரையையும், பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மானத்துக்கு இயைந்ததாக இருக்க வேண்டும் என்ற 28(2)ஐயும் சேர்த்தேன். சமவாயத்தை மட்டும் வைத்து நம் நீதிமன்றத்தில் வெல்ல முடியாது என்பதால், பிள்ளையின் நலனே முதன்மை என்று உள்நாட்டுச் சட்டமாகவே சொல்லும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவையும் குறிப்பிட்டேன். முதல் நாளே தனியுரிமை இல்லை என்று கையை விரித்த நான், இந்த வழியில் அதைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவர முடியும் என்பதைப் பிந்தித்தான் உணர்ந்தேன்.

இதற்கிடையில் அந்தப் பையன் ஒரு கேள்வி கேட்டானாம். "அவங்க செக் பண்ணலாம்னு எங்க எழுதியிருக்கு?" அந்தக் கேள்வியையே 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பாடசாலைக்கு அனுப்பியிருக்கிறோம். எந்தச் சுற்றுநிருபத்தின்படி மாணவத் தலைவர்கள் பைகளைச் சோதித்தார்கள், அதன் பிரதி வேண்டும் என்பதே கோரிக்கை. விண்ணப்பம் அம்மாவின் பெயரில் போயிருக்கிறது. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஜூலை 9

உப அதிபர் அம்மாவை அலுவலகத்துக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, மன்னிப்புக் கேட்டாராம். அம்மா சமாதானமாகிவிட்டார். பையன் ஆகவில்லை. கழற்றச் சொன்னது வகுப்பில், மன்னிப்பு மட்டும் ஏன் அலுவலகத்தில் என்று கேட்கிறான். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்தப் பெண் பிள்ளையைப் பற்றி நானும் இங்கேதான் எழுதியிருக்கிறேன், அவளிடம் நேரில் சொன்னதில்லை.

ஆணைக்குழு முறைப்பாட்டை மீளப் பெற வேண்டாம் என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்திருக்கிறார்கள். தகவல் விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பையன் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி பாடசாலைக்குப் போகிறான். அம்மா இப்போது உப்பு கொடுத்து அனுப்புவதில்லையாம். ஈரச் சவர்க்காரத் துண்டைத் துணியில் கட்டிக் கொடுக்கிறாராம். இந்த மழைக்கு அது நாலு எட்டிலேயே கரைந்துவிடுகிறது, காலில் இரண்டு மூன்று இடத்தில் அட்டை கடித்த அடையாளம் என்று அண்ணன் எழுதியிருக்கிறார்.